வராததைக் கவனிக்கும் திரை

அந்த மருத்துவமனையில் அவருடைய பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். "ஹலோ அக்கா" என்று கேட்டால் வாசல் காவலாளியே கையோடு அழைத்துப்போய் விட்டுவிட்டு வருவார். இருபது ஆண்டுகளுக்குப் பக்கம் டெலிபோன் போர்டின் முன்னால் உட்கார்ந்து ஹலோ சொன்னவர். பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கதவு தட்டினால் ஹலோ, மகள் பாடத்தில் சந்தேகம் கேட்டால் ஹலோ. பஸ் ஓட்டும் அவருடைய கணவர், "தூக்கத்துல பொரண்டு படுத்தாக்கூட எனக்கு லைன் கொடுக்கறா" என்பார்.

போர்டைக் கழற்றிக்கொண்டு போனபோது கண் கலங்கினீர்களா என்று யாரோ அவரிடம் உருக்கமாகக் கேட்டிருக்கிறார்கள். "எதுக்குக் கலங்கணும்? காதுவலி விட்டுச்சுன்னு எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தேன்" என்று பதில் வந்தது.

போர்டு போன பிறகு அவரை எங்கே உட்கார வைப்பது என்று நிர்வாகத்துக்குத் தெரியவில்லை. அதே சமயத்தில் இரண்டாம் மாடியில் மருந்துப் பெட்டிகள் அடைத்துக் கிடந்த ஜன்னலில்லாத அறையைக் காலி செய்து மூன்று பெரிய திரைகளைப் பொருத்தினார்கள். அதன் முன்னால் உட்கார ஆள் தேவைப்பட்டது. கண் கெட்டுவிடும், தலைவலி வரும், முடி கொட்டும் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லி நழுவினார்கள். ஹலோ அக்கா மட்டும், "நாற்காலிக்கு முதுகு இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. போய் உட்கார்ந்துவிட்டார்.

அந்தத் திரைகளில் என்ன ஓடியது என்பதைச் சொல்லியாக வேண்டும். அறுவை சிகிச்சைக்கு வேண்டிய கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் ட்ரேயில் வரும். பயன்படுத்திய ட்ரே அடித்தளத்துக்குப் போகும். அங்கே கழுவுவார்கள். கழுவியது தள்ளுவண்டியில் ஏறி, லிஃப்டில் மூன்றாம் மாடிக்கு வரும். அங்கே ஒவ்வொரு கருவியாகச் சரிபார்த்து, துணியுறையில் கட்டி, நீராவி அடுப்பில் வைத்துக் கிருமி நீக்கி, நான்காம் மாடி ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புவார்கள். ட்ரே ஒவ்வொன்றிலும் ஒரு பார்கோடு. ஒரு வேலை முடிந்ததும் ஸ்கேனரைக் காட்டினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அந்த டிக் ஒரு செய்தியாகத் திரைக்கு வந்துவிடும். இன்ன ட்ரே, இன்ன இடம், இன்ன வேலை முடிந்தது. ஒரு பகலில் இப்படி ஆயிரக்கணக்கான டிக்குகள், மழைத்துளிபோல் விழுந்துகொண்டே இருக்கும்.

இதை அமைத்தவர் ஒல்லியான ஒரு பெண் பொறியாளர். தேநீரை ஆறவிட்டுக் குடிப்பவர், மேசை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொள்பவர். முதல் நாளே ஹலோ அக்காவுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, வழக்கமா கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் சேர்த்து வைப்பாங்க. மாசக் கடைசில எடுத்துப் பார்த்துட்டு, அய்யோ, அன்னிக்குத் தப்பு நடந்துருச்சேன்னு தலையில கை வைப்பாங்க. இது அப்படியில்ல. செய்தி வர வர யோசிக்கும்."

"குளத்தை அளக்கறதுக்குப் பதிலா ஓடற தண்ணிய அளக்குது."

"அதேதான். அதோட, எதுக்கப்புறம் எது வரணும்னும் இதுக்குத் தெரியும். கழுவினா கட்டணும். கட்டினா அடுப்புல வைக்கணும். வைக்காம தியேட்டர் வாசலுக்குப் போச்சுன்னா கத்தும்."

"வந்தா லைட் எரியும்னா புரியுது, போர்டுலயே பார்த்துட்டேன். வராததுக்கு எப்படி எரியும்?"

பொறியாளர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். இந்தக் கேள்வியை அவரிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. "அதுதாங்கா இதுல எனக்கே இன்னும் ஆச்சரியமா இருக்கிற விஷயம். அடுப்புச் செய்தி வரணும்னு அது காத்துக்கிட்டு இருக்கும். காத்துக்கிட்டு இருக்கறதுனாலதான் வரலைன்னு அதுக்குத் தெரியும்."

ஹலோ அக்கா அதை நம்பவில்லை. சில நாட்களில் நம்பவேண்டி வந்தது.

முற்பகல் வேளை. மூன்று திரைகளும் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தன. ஒரு ட்ரே தியேட்டர் வாசலில் டிக் ஆனது. அந்த நொடியே திரையின் நடுவில் சிவப்பு. கட்டியாச்சு, தியேட்டருக்கு வந்தாச்சு, நடுவில் அடுப்பு இல்லை. வெந்த ட்ரேக்களின் வரிசையில் வேகாத ஒன்றை யாரோ அவசரத்தில் மாற்றி வைத்திருக்கிறார்கள். ஹலோ அக்காவின் கை தானாகப் போனை எடுத்தது.

"ஹலோ. இப்ப வந்த ட்ரேயப் பிரிக்காதீங்க."

"யாரு பேசறது? உள்ள ஆள் படுத்திருக்காரு" என்றார் தியேட்டர் நர்ஸ்.

"அதனாலதான் சொல்றேன். உறை மேல பட்டை கறுத்திருக்கா பாருங்க."

நர்ஸ் உறையைத் திருப்பிப் பார்த்தார். நீராவியில் வெந்தால் கறுக்கவேண்டிய பட்டை வெளிறிக் கிடந்தது. ஹலோ அக்கா போனை வைத்துவிட்டுத் திரையை மறுபடி பார்த்தார். யாரும் பார்க்காததை, நடக்கவே நடக்காத ஒன்றை, ஒரு கருவி பார்த்துவிட்டது. கருவி என்றால் என்ன? நம்மைப் போன்ற ஒருத்தி, ஆறிப்போன தேநீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்து யோசித்து வைத்த நாலு வரி.

புண் சீழ்பிடித்துச் செத்தவர்களின் வீட்டாரிடம் 'தலையெழுத்து' என்று சொல்லி அனுப்பிய காலம் உண்டு. இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எந்தத் தலையிலும் யாரும் எதையும் எழுதவில்லை. நடுவில் ஒரு வேலை நடக்காமல் போயிற்று, அதைப் பார்க்க ஆளில்லை. அவ்வளவுதான் விதி. அதை ஒரு சிவப்பு விளக்கால் நிறுத்த முடியும் என்று தெரிந்த பிறகு, விதி என்று சொல்கிறவன் ஏமாளி இல்லை, ஏமாற்றுகிறவன்.

ஆனால் மனித மூளை எத்தனை அழகான ஒன்றைச் செய்துவைத்தாலும், அதைக் கையில் எடுத்து ஏழையின் முதுகில் அடிக்க ஒருவர் எங்கிருந்தாவது வந்துவிடுவார். இங்கே வந்தவர் நிர்வாக அதிகாரி. கசங்காத சட்டைக்காரர். திரையை ஒருநாள் எட்டிப் பார்த்தவர், ட்ரேக்களின் தாமதத்தையும் காட்டச் சொன்னார். எந்தப் பிரிவு தாமதமோ அந்தப் பிரிவின் பெயருக்குக் கீழே சிவப்பு எரிய வேண்டும். சிவப்பு எரியும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிரிவுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரருக்குச் செய்தி போக வேண்டும். அனுப்பும் வேலை ஹலோ அக்காவுடையது.

சிவப்பு எரிந்தது. பெரும்பாலும் ஒரே இடத்தில் எரிந்தது. மூன்றாம் மாடி, கட்டும் பிரிவு. அந்தப் பிரிவின் பகல் ஷிஃப்டுக்குத் தலைமை ஹலோ அக்காவின் நாத்தனார்.

நாத்தனாரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கை நீட்டி அடிக்கும் ஒருவனோடு பல காலம் குடும்பம் நடத்திவிட்டு, ஒரு பையில் துணியும் ஒரு கையில் மகளுமாக வெளியே வந்தவர். அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்தார். இந்த வேலை கிடைத்ததும், மருத்துவமனைக்குப் பின்தெருவில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்கு எடுத்தார். உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, மகள் படிக்க ஒரு மடக்கு மேசை. அதைவிட முக்கியம், கதவுக்கு உள்தாழ்ப்பாள். "நான் போட்டாத்தான் பூட்டு, நான் தெறந்தாத்தான் தெறப்பு" என்று அதைக் காட்டிக்காட்டிச் சொல்வார். கணவன் வீட்டிலிருந்து அவ்வப்போது தூது வரும். வேலை இருக்கிறது என்ற ஒரே பதிலில் தூது திரும்பிப் போகும்.

உணவு இடைவேளையில் அவர் கேன்டீனுக்குள் நேராக வந்து ஹலோ அக்காவின் எதிரில் உட்கார்ந்தார். பச்சைச் சீருடை, தலையில் இன்னும் கழற்றாத தொப்பி.

"அண்ணி, நீங்க அனுப்பற செய்தியெல்லாம் என் தலையிலதான் விடியுது, தெரியுமா? காண்ட்ராக்டர் கூப்பிட்டாரு. வர திங்கக்கிழமை மீட்டிங்காம். எங்க ஷிஃப்ட மொத்தமா மாத்திட்டுப் புது ஆளப் போடப் போறாங்களாம்."

"நான் என்னடி செய்வேன்? சிவப்பு எரிஞ்சா அனுப்பணும். மெஷின் பொய் சொல்லாது."

"மெஷின் சொல்லாது. மெஷினுக்குச் சொல்றவங்க?" நாத்தனார் ரொட்டியைப் பிய்த்தார், தின்னவில்லை. "வண்டி வந்து நின்ன உடனே நாங்க கை வைக்கறோம். ஒண்ணுக்குப் போகக்கூட நேரம் பார்த்துப் போறோம். வண்டியே வரலைன்னா காத்தையா துணியில சுத்திக் கட்டறது?"

"வண்டி வரலையா? கீழ இருந்து டிக் வருதே."

"டிக் வரும். வண்டி வராது. வேலை போச்சுன்னா நான் எங்க போகவேண்டி வரும்னு உங்களுக்குத் தெரியும். அங்க போகமாட்டேன். ஆனா போகச் சொல்லி எல்லாரும் வாய் கிழியப் பேசுவாங்க. உங்க வீட்டுக்காரர் உட்பட."

ஹலோ அக்கா தட்டை ஒதுக்கிவைத்தார். மெஷின் பொய் சொல்லாது என்ற தன் வாக்கியத்தை நினைத்து அவருக்கே கூச்சமாக இருந்தது. போர்டில் இருந்தவரைக்கும் ஒரு லைன் கிடைக்கவில்லை என்றால் கம்பியைத்தான் சந்தேகப்பட்டார், பேச வந்தவரை அல்ல.

நேராக அடித்தளத்துக்கு இறங்கினார். அங்கே ஆவியும் சோப்பு வாடையும். கழுவும் பிரிவின் தலைமையாளரை 'நுரை அண்ணன்' என்பார்கள். முழங்கை வரைக்கும் எப்போதும் நுரை. ஆள் பெரியவர், குரல் அதைவிடப் பெரியது.

"வாங்க ஹலோ அக்கா! பாதாளத்துக்கு வந்திருக்கீங்க. லைன் ஏதும் அறுந்துபோச்சா?"

"சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேண்ணே. வேலையப் பாருங்க."

பார்த்தார். கழுவிய ட்ரேக்களைத் தள்ளுவண்டியில் அடுக்கும்போதே ஸ்கேனரைக் காட்டினார்கள். டிக், டிக், டிக். கழுவி அனுப்பியாச்சு என்று செய்தி மேலே போய்விட்டது. வண்டி மட்டும் லிஃப்ட் வாசலில் நின்றது. லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டுத் தள்ளுகிறவர் சுவரில் சாய்ந்தார். வண்டி நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"அண்ணே, வண்டி இங்க நிக்குது. அனுப்பியாச்சுன்னு சொல்லிட்டீங்களே!"

"அடுக்கியாச்சு, எங்க வேலை முடிஞ்சுது. சொல்லாம என்ன செய்ய?"

"இதுனால மேல கட்டறவங்க தலையில சிவப்பு எரியுது."

நுரை அண்ணனின் முகம் மாறியது. "முன்னாடி லிஃப்ட்ல ஏத்தினப்புறம்தான் காட்டிக்கிட்டு இருந்தோம். அப்ப எங்க தலையில எரிஞ்சுது. காண்ட்ராக்டர் வந்து கத்தினான். எம் புள்ளைக்கு யாரு ஃபீஸ் கட்டுவா, உங்க டப்பாவா? அதான் முன்னாடியே காட்டச் சொன்னேன். எரிஞ்சா வேற எங்கயாவது எரியட்டும்."

"வேற எங்கயாவதுன்னா அங்கயும் ஆளுங்கதானே அண்ணே இருக்காங்க?"

நுரை அண்ணன் கையிலிருந்த நுரையைத் துடைத்தார். பிறகு தாழ்ந்த குரலில், "லிஃப்ட் ஏன் வரலைன்னு யாராச்சும் கேட்டீங்களா?" என்றார்.

யாரும் கேட்கவில்லை. கேட்க முடியாதபடிதான் எல்லாம் அமைந்திருந்தது. கழுவுகிறவரிடம் ஸ்கேனர் உண்டு, கட்டுகிறவரிடம் ஸ்கேனர் உண்டு. ஆகவே தாமதம் என்றால் இந்த இருவரில் ஒருவர். லிஃப்டிடம் யாரும் ஸ்கேனர் கொடுக்கவில்லை, அதனால் லிஃப்ட் நிரபராதி. கூலிக்காரனின் ஒவ்வொரு அசைவையும் எண்ணுகிற உலகம், மேலே இருப்பவர்கள் எதை எண்ணவேண்டாம் என்கிறார்களோ அதை எண்ணுவதில்லை. அப்புறம் எண்ணிக்கையைக் காட்டி, பார், கணக்கே சொல்கிறது என்கிறது.

அன்று மாலையே ஹலோ அக்கா பொறியாளரைப் பிடித்தார். "லிஃப்டுக்கும் ஒரு டிக் வைக்க முடியுமாம்மா?"

பொறியாளர் காலை மேசையிலிருந்து இறக்கினார். "வைக்கவே வேண்டாங்கா. லிஃப்டுக்குள்ள ஏற்கெனவே ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கும். கதவு தெறந்துச்சு, மூடுச்சு, எந்த மாடி, எல்லாத்தையும் நொடிக்கு நொடி சொல்லிக்கிட்டே இருக்கும். ரிப்பேர்காரங்களுக்காக."

"யாரு கேக்கறாங்க?"

"யாரும் கேக்கல."

"நாள் பூரா பேசுது, ஒருத்தரும் போனை எடுக்கலையா?" இருபது வருடம் போனை எடுத்தே வாழ்ந்தவருக்கு இது தாங்கவில்லை.

மறுநாள் கட்டடப் பராமரிப்பு அலுவலகத்தில் அனுமதி வாங்கி, லிஃப்டின் பேச்சையும் திரையோடு சேர்த்தார்கள். இனிக் கட்டும் பிரிவின் நேரம், கீழே டிக் ஆனதிலிருந்து தொடங்காது. லிஃப்ட் கதவு மூன்றாம் மாடியில் திறந்த பிறகுதான் தொடங்கும். கீழே வண்டி காத்திருக்கையில் லிஃப்ட் வேறு மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால், சிவப்பு லிஃப்டின் பெயரில்.

இயக்கிப் பார்த்தபோது முதலில் குளறுபடிதான். எதற்கெடுத்தாலும் லிஃப்ட் சிவந்தது. ஸ்ட்ரெச்சரில் நோயாளியை ஏற்றக் கதவைப் பிடித்தாலும் சிவந்தது. ஹலோ அக்கா பரபரப்பில் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, "பாரும்மா, எத்தனை சிவப்பு!" என்று குதித்தார்.

"அக்கா, ஸ்ட்ரெச்சருக்குக் காத்திருக்கிறதையும் குத்தம்னு சொன்னா, நாமளும் அந்த ஆபீசர் மாதிரிதானே ஆகிடுவோம்?"

அக்காவின் உற்சாகம் வடிந்தது. ஆனால் தலையாட்டினார். ஸ்ட்ரெச்சர் ஏறும் மாடிகளையும் வேளைகளையும் விலக்கி எழுதினார்கள். அதற்குப் பிறகு இருவரும் திரைக்கு நெருங்கி உட்கார்ந்து பார்த்தார்கள்.

கட்டடத்தின் சுவர்கள் கண்ணாடியாகிவிட்டாற்போல் இருந்தது. அடித்தளத்தில் வண்டி என்னும் புள்ளி தவித்தது. மூன்றாம் மாடியில் கட்டும் மேசைகள் வெறுமனே காத்திருந்தன. நான்காம் மாடியில் ஒரு தியேட்டர் ட்ரேக்காகக் காத்திருந்தது. லிஃப்ட் ஆறாம் மாடியில், பணக்காரர்களுக்கான தனி வார்டில், கதவை விரித்துக்கொண்டு சும்மா நின்றது. ஒரே பார்வையில் எல்லாம் சேர்ந்து தெரிந்தது. அத்தனை மாடிகளில் அத்தனை பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பதை இதுவரைக்கும் எந்தக் கண்ணும் ஒருசேரப் பார்த்ததில்லை. பொறியாளர், "நான் எழுதினதுதான். ஆனா எனக்கே புல்லரிக்குது" என்றார்.

ஹலோ அக்கா படியேறி ஆறாம் மாடிக்குப் போய்ப் பார்த்தார். கதவின் நடுவில் ஸ்டூலைப் போட்டுக் காவலாளி உட்கார்ந்திருந்தார்.

"யாருக்குங்க பிடிச்சு வச்சிருக்கீங்க?"

"வார்டுல ஒரு பெரிய மனுஷன் இருக்காரு. பார்க்க வரவங்க திரும்பிப் போறப்ப லிஃப்ட் ரெடியா நிக்கணுமாம். காத்திருந்தா கோவம் வருமாம். மேல இருந்து சொன்னாங்க, நான் செய்யறேன்." கொஞ்சம் யோசித்து, "தப்பாக்கா?" என்றார்.

"உங்க மேல இல்லைங்க" என்றார் ஹலோ அக்கா.

திங்கட்கிழமை வந்தது. கூட்ட அறையில் நீள மேசை. நடுவில் மருத்துவமனையின் தலைவர். பெரிய டாக்டர் என்பார்கள், இன்றும் கத்தி பிடிக்கிறவர். அவருக்கு வலப்பக்கம் நிர்வாக அதிகாரி, இடப்பக்கம் ஒப்பந்தக்காரர். கடைசி இருக்கைகளில் பொறியாளரும் ஹலோ அக்காவும். நாத்தனாரின் ஷிஃப்ட் ஆட்கள் யாரையும் கூப்பிடவில்லை. தண்டிக்கப்படுகிறவர்களுக்கு நாற்காலி போடுகிற வழக்கம் எங்கே இருக்கிறது?

அதிகாரி தொடங்கினார். "கட்டும் பிரிவு தொடர்ந்து தாமதம். நான் சொல்லல சார், டேட்டா சொல்லுது."

"ஆள மாத்திடலாங்க. எத்தனையோ பேர் வரிசையில நிக்கறாங்க" என்றார் ஒப்பந்தக்காரர்.

ஹலோ அக்கா எழுந்தார். "சார், அந்த டேட்டாவ நான்தான் அனுப்பினேன். அதுல பாதிதான் இருந்துச்சு. மீதிய இப்ப சேர்த்திருக்கோம்."

லிஃப்டைப் பற்றிச் சொன்னார். அதிகாரி சிரித்தார். "வேண்டப்பட்டவங்கள காப்பாத்தறதுக்கு லிஃப்ட் மேல பழியா? கட்டற பிரிவுத் தலைவி இவங்களுக்கு என்ன உறவுன்னு கேளுங்க சார்."

"நாத்தனார்" என்றார் ஹலோ அக்கா, யாரும் கேட்பதற்கு முன்பே. "அதனால என் வார்த்தைய நம்பாதீங்க. இன்னொண்ணும் சொல்லிடறேன். நிஜமாவே ரெண்டு தடவை அவங்க லேட்டுதான். லேபிள் தீர்ந்துபோச்சு, முன்கூட்டியே சொல்லாம விட்டாங்க. அதுவும் திரையில இருக்கு. மத்ததெல்லாம் லிஃப்ட்."

பெரிய டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் ஆளின் தப்பையும் சேர்த்துச் சொல்கிறவரைக் கூட்டங்களில் அவர் அடிக்கடி பார்த்ததில்லை. "போன வாரம், போன மாசம்லாம் வேண்டாம்மா. ஆளுக்கொரு விளக்கம் சொல்வீங்க. இப்ப என்ன நடக்குதுன்னு காட்ட முடியுமா?"

"இப்பவேதான் சார் காட்டும். அதுக்குத்தான் இது."

பொறியாளர் சுவரில் திரையை ஓடவிட்டார்.

அடித்தளத்தில் ஒரு புள்ளி துடித்தது. வண்டி காத்திருந்தது. நான்காம் மாடியில் இரண்டாம் தியேட்டரின் மேல் மஞ்சள். ட்ரே வேண்டும், வரவில்லை. லிஃப்ட் எங்கே? ஆறாம் மாடி. கதவு திறந்திருந்தது.

"ரெண்டுல யாரு கேஸ்?" என்று பெரிய டாக்டர் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தானே போன் செய்தார். கேட்டார். வைத்தார். "கை ஒடிஞ்ச கொழந்தை. ட்ரே வராம ஆரம்பிக்க முடியாம நிக்கறாங்க. அம்மா வெளிய அழுதுக்கிட்டு நிக்குது. இது இப்பவா நடக்குது? இந்த நிமிஷமா?"

"இந்த நிமிஷம் சார்."

சுவரில் எல்லாம் அப்படியே நின்றது. ஒன்றும் நடக்காமல் இருப்பதை இத்தனை படித்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது அந்த அறைக்குப் புதிது. கீழே வண்டி. மேலே குழந்தை. அதற்கும் மேலே, யாரோ திரும்பிப் போவதற்காக விரிந்து கிடக்கும் ஒரு கதவு.

அப்போது நிர்வாக அதிகாரி மேசைக்கடியில் தன் கைபேசியை மெதுவாகத் தட்டினார். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருப்பார். அடுத்த மூச்சில் சுவரில் லிஃப்டின் கதவு மூடியது. ஆறு, ஐந்து, நான்கு என்று இறங்கத் தொடங்கியது.

பெரிய டாக்டர் திரையைப் பார்த்தார். பிறகு அதிகாரியின் மடியைப் பார்த்தார். பொறியாளர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். இதற்கெனத் தனியாக எந்த விதியும் எழுதவேண்டியிருக்கவில்லை. எதற்குப் பின் எது வந்தது என்பதை அறையிலிருந்த எல்லோரும் தாங்களே சேர்த்துப் பார்த்துவிட்டார்கள்.

"கதவைப் பிடிச்சு வைக்கச் சொன்னது யாருன்னு இனி நான் கேக்கத் தேவையில்ல" என்றார் பெரிய டாக்டர். அதிகாரியின் காது சிவந்திருந்தது.

லிஃப்ட் அடித்தளத்தில் திறந்தது. வண்டி ஏறியது. மூன்றாம் மாடியில் திறந்தது. அதற்குப் பிறகு கட்டும் பிரிவிலிருந்து டிக்குகள் வரத் தொடங்கின. ஒன்று, இன்னொன்று, அடுத்தது, தடதடவென்று. அவர்களைப் பற்றித்தான் கூட்டம் நடக்கிறது என்று தெரிந்தும், நிறுத்தாமல் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய டாக்டர் எழுந்துபோய்ச் சுவரருகில் நின்று அதைப் பார்த்தார். "இவ்வளவு வேகமாவா கட்டறாங்க?" என்று யாரிடமும் இல்லாமல் கேட்டார்.

ஷிஃப்ட் மாறவில்லை. பொது லிஃப்டை யாரும் பிடித்து வைக்கக் கூடாது, ஸ்ட்ரெச்சருக்கும் தள்ளுவண்டிக்கும் பிறகுதான் மற்றவர்கள் என்று அங்கேயே முடிவானது. தாமதத்துக்காக ஒப்பந்தக்காரருக்குச் செய்தி அனுப்புவதும் நின்றது. கழுவும் பிரிவு மறுபடியும் லிஃப்டில் ஏற்றிய பிறகே ஸ்கேனரைக் காட்டியது. அதிகாரிக்கு என்ன ஆனது என்றால், ஒன்றும் ஆகவில்லை. அதே சட்டை, அதே நாற்காலி. அவரைப் போன்றவர்களின் பெயருக்குக் கீழே எரிய இன்னும் விளக்கு கண்டுபிடிக்கப்படவில்லை.

ஹலோ அக்கா படியேறி மூன்றாம் மாடிக்குப் போனார். நாத்தனார் தலை நிமிராமல் துணியை மடித்தார்.

"உன் வேலை இருக்கு. போகல" என்றார் ஹலோ அக்கா.

நாத்தனார் மடித்த துணியை மேசையில் வைத்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ரெண்டு தடவை லேட்டுன்னு நீங்களே சொன்னீங்களாமே அண்ணி? செய்தி வந்துருச்சு" என்றார்.

"ஆமா. லேட்டுதானே?"

"லேட்டுதான். அதுக்காக மீட்டிங்ல சொல்லணுமா? எங்க அண்ணன் உங்களத் தேடிப்பிடிச்சுக் கட்டினதுக்கு இது ஒரு நல்ல பலன்." திட்டிக்கொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "லேபிள் தீர்றதுக்கு முன்னாடி உங்க டப்பா சொல்லுமா?"

"சொல்லும். எழுதச் சொல்றேன்."

"அது எப்படித்தான் இருக்கும்? எல்லாரும் பார்த்துட்டீங்க. நாங்கதான் பார்க்கல."

மறுநாள் தேநீர் இடைவேளையில் நாத்தனார் ஜன்னலில்லாத அறைக்கு வந்தார். காலணியை வெளியே விடலாமா என்று வாசலில் தயங்கியவரை, "உள்ள வாடி, இதென்ன பெரிய எடமா" என்று அண்ணி இழுத்துவந்து தன் நாற்காலியில் உட்கார வைத்தார்.

நாத்தனார் பார்த்தார். டிக்குகள் விழுந்துகொண்டிருந்தன. புள்ளிகள் நகர்ந்தன, ஏறின, காத்திருந்தன, மறைந்தன.

"இதுல நான் எங்க?"

"நீ இல்ல. ட்ரே மட்டும்தான். ஆளக் காட்டக் கூடாதுன்னு பெரிய டாக்டர்கிட்ட சொல்லியாச்சு."

"அப்ப காலையில நான் கட்டின பெரிய ட்ரே ஒண்ணு, எலும்பு ஆபரேஷனுக்குப் போறது. அது எங்க?"

ஹலோ அக்கா தேடிக் காட்டினார். ஒரு புள்ளி. அடுப்பிலிருந்து இறங்கி, ஆறி, நான்காம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தது. தியேட்டர் வாசல். உள்ளே. கொஞ்ச நேரத்தில் அதன் கீழே இருந்த வரி மாறியது. 'உறை பிரிக்கப்பட்டது.'

நாத்தனார் மெல்ல எழுந்து நின்றுவிட்டார். இத்தனை காலமாக எத்தனை ஆயிரம் கட்டியிருப்பார். கட்டியதைக் கட்டும் பிரிவின் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் அதோடு சரி. அது எங்கே போகிறது, யார் பிரிக்கிறார்கள் என்று அவருக்கு யாரும் காட்டியதில்லை. காட்டவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை.

"இப்பவா பிரிச்சாங்க? இப்ப?" என்று கிசுகிசுத்தார். சத்தமாகப் பேசினால் அங்கே கேட்டுவிடும் என்பதுபோல.

"இப்பதான்."

"உள்ள யாரோ படுத்திருக்காங்க."

"ஆமா."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் கேட்டார்: "அந்த ஆள் எந்திரிச்சு வீட்டுக்கு நடந்து போறவரைக்கும் காட்டுமா அண்ணி?"

"இல்லடி. தியேட்டரோட நின்னுடும். வார்டு இன்னும் சேர்க்கல."

"சேர்க்கச் சொல்லுங்க" என்றார் நாத்தனார். இடைவேளை முடிந்திருந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வாசல்வரை போய், திரும்பி இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் படியேறினார்.